மொட்டை மாடியிலிருந்து மதுரை: ஸ்கைலைன் படத்துக்கு ஃபிரேம் வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் மொட்டை மாடி ஏறுகிற யாருடைய கண்ணும் முதலில் கோபுரத்தைத்தான் தேடும். கண்டதும் போனை எடுத்து ஒரு படம் எடுப்போம். கீழே இறங்கி வந்து பார்த்தால் கோபுரம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி அதைவிடப் பெரிதாக நிற்கும். நேரில் பார்த்தபோது அந்தத் தொட்டி இருந்ததே ஞாபகம் வராது.

கண் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எதிரே இருப்பதையெல்லாம் ஒரே மரியாதையோடு வாங்கி வைத்துக்கொள்ளும். நான் முதன்முதலில் மேற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் ஒரே மாலையில் 140 படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் மதுரை முழுவதும் இருந்தது. பார்க்கும்படி ஒரு படம்கூட இல்லை. அந்த 140 படங்களையும் நான் நின்ற ஒரே இடத்திலிருந்து, உடம்பை மட்டும் திருப்பித் திருப்பி எடுத்திருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் லென்ஸைவிடக் காலைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். எந்த மாடி, அந்த மாடியில் எந்த மூலை, அந்த மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. உதாரணங்கள் எல்லாம் மதுரை. உங்கள் ஊரில் கோபுரத்துக்குப் பதிலாக மினாராவோ தேவாலயத்தின் ஊசிமுனையோ இருந்தால் கணக்கு அப்படியே பொருந்தும்.

எவ்வளவு உயரமான மாடி வேண்டும்?

உயரம் கூடினால் படம் நன்றாக வரும் என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைக்கிறோம். ஸ்கைலைனுக்கு, அதாவது ஊரின் உச்சிகள் வானத்தின் முன்னே வரைகிற கோட்டுக்கு, அது சரியில்லை. காரணம் எளிமையானது. சமதளமான ஊரில் தொடுவானக் கோடு எப்போதும் உங்கள் கண்மட்டத்தில்தான் இருக்கும். நீங்கள் 10 மீட்டர் உயரத்தில் நின்றால், எதிரே நிற்கும் கட்டடத்தையும் அந்தக் கோடு தரையிலிருந்து 10 மீட்டரில் வெட்டும். அதற்கு மேலே இருப்பது வானத்தில் நிற்கும். கீழே இருப்பது ஊருக்குள் அமிழ்ந்துவிடும்.

மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர், பழைய கணக்கில் 170 அடி. கோயில் கோபுரங்களில் அதுதான் உயரம். 10 மீட்டர் மாடியிலிருந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு ஊருக்குள்ளும் மீதி நாலு பங்கு வானத்திலும் இருக்கும். கோபுரம் ஓங்கி நிற்கும். அதே கோபுரத்தை 25 மீட்டர் உயர ஓட்டல் மாடியிலிருந்து பாருங்கள். கிட்டத்தட்டப் பாதி கட்டடங்களுக்குள் மூழ்கியிருக்கும். ஊர் விரிந்து தெரியும், கோபுரம் கம்பீரம் இழந்திருக்கும். எத்தனை தூரம் தள்ளிப் போனாலும் இந்தப் பங்கு மாறாது. படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு அல்லது மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. பெரிய ஓட்டலுக்குக் காசு கட்ட வேண்டாம்.

மதுரையில் இந்த வசதி தானாக அமைந்ததல்ல. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. மீறிக் கட்டியவையும் உண்டு, வழக்குகளும் உண்டு. ஆனாலும் பழைய ஊருக்குள் வானம் இன்னும் கோபுரங்களிடம்தான் இருக்கிறது என்றால் அதற்கு இந்த விதியும் ஒரு காரணம். மாடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் படர்ந்திருக்க, கோபுரங்கள் மட்டும் அவற்றைத் தாண்டி எழும்பும். ஸ்கைலைன் பழக இதைவிடத் தெளிவான ஊர் எனக்குத் தெரியாது.

எந்தத் திசையில் நிற்பது?

நாலு வெளிக்கோபுரங்களும் திசைக்கு ஒன்றாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் எந்த மாடியிலிருந்து எது தெரியும் என்பதை வீட்டிலிருந்தே ஊகிக்கலாம்.

தெற்குக் கோபுரத்துக்கு நேர் தெற்கே நின்றால், அது பின்னால் இருக்கும் வடக்குக் கோபுரத்தை மறைத்துவிடும். சரி, தென்மேற்கு மூலைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் சிக்கல். மேற்குக் கோபுரத்துக்குப் பின்னால் வடக்கும், தெற்குக் கோபுரத்துக்குப் பின்னால் கிழக்கும் ஒளிந்துகொள்ளும். நாலும் தனித்தனியாக வேண்டுமானால் நேர் எதிருக்கும் மூலைக்கும் நடுவில் நிற்க வேண்டும். தெற்கு மாசி வீதிப் பக்கத்தில், கோபுரத்துக்கு எதிரே இருந்து மேற்கே கொஞ்சம் தள்ளிய மாடிகள் அப்படிப்பட்டவை. அங்கிருந்து இடமிருந்து வலமாக மேற்கு, வடக்கு, தெற்கு, கிழக்கு என்று நாலு கோபுரமும் இடைவெளி விட்டு வரிசை கட்டும்.

தாளில் ஒரு சதுரம் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, சதுரத்துக்கு வெளியே விரலை நகர்த்திப் பாருங்கள். எந்தப் புள்ளி எதை மறைக்கிறது என்பது உடனே புரியும். மாடி தேடி வெயிலில் அலைவதற்கு முன் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. திருப்பணி நடக்கும் காலத்தில் கோபுரங்களுக்குச் சாரம் கட்டி மூடிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிளம்புமுன் மதுரையில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அனுமதியும் பத்திரமும்

எனக்கு வாய்த்த மாடி ஒரு நண்பரின் பாட்டி வீட்டு மாடி. முதல் நாள் போனபோது ஆச்சி வடகம் காயப்போட்டிருந்தார். படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தார். "எடுத்துக்கப்பா. வடகத்தை மட்டும் மிதிச்சிராத. அந்தப் பக்கத்து மாடிப் பொண்ணு துணி எடுக்க வரும், அந்நேரம் அங்கிட்டுத் திருப்பாத." ஸ்கைலைன் எடுக்கிறவர்களுக்கான ஒழுங்கு முழுவதையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மாடி அவர்கள் வீட்டு முற்றம் மாதிரி. கேட்டுவிட்டு ஏறுங்கள், சொன்ன நேரத்துக்கு இறங்குங்கள், பக்கத்து மாடியில் ஆள் வந்தால் கேமராவைத் தாழ்த்துங்கள். எடுத்த படத்தில் ஒன்றைப் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை கதவு தானாகத் திறக்கும்.

கைப்பிடிச் சுவர் மேல் உட்காரவோ ஏறி நிற்கவோ வேண்டாம். கேமரா வார் கழுத்தில் அல்லது மணிக்கட்டில் இருக்க வேண்டும். ஒருமுறை சுவர் மேல் வைத்திருந்த என் லென்ஸ் மூடி காற்றில் உருண்டு தெருவில் விழுந்தது. கீழே பூக்கட்டிக்கொண்டு இருந்தவர்கள் பக்கத்தில் விழுந்ததே தவிர யார் மேலும் படவில்லை. அன்றைக்குப் பிறகு சுவர் மேல் எதையும் வைப்பதில்லை. மாடியை ஒட்டிப் போகும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ட்ரைபாடை, அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலியை, தூக்கும்போது.

முதல் பத்து நிமிடம் கேமரா பையிலேயே இருக்கட்டும்

ஏறியதும் ஒரு சுற்று நடங்கள். நாலு பக்கமும் பாருங்கள். பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படம் எதைப் பற்றியது? "மதுரை" என்று பதில் வந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். "தெற்குக் கோபுரமும் அதன் காலடியில் நெருக்கியடித்து நிற்கும் ஓட்டு வீடுகளும்" என்பது பதில். "நாலு கோபுரமும் அவற்றுக்கு இடையில் உள்ள வானமும்" என்பது வேறொரு பதில். இரண்டும் இரண்டு படங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெடும்.

பதில் கிடைத்ததும் ஒரு அட்டையில் செவ்வகமாக ஓட்டை வெட்டி அதன் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் அகலமாகக் காட்டும் வைடு லென்ஸ், கையை நீட்டினால் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ். எந்தத் தூரத்தில் படம் நிறைவாகத் தெரிகிறதோ அந்த அளவுக்குத்தான் ஜூம் வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் போன் திரையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இது கண்ணைச் சீக்கிரம் பழக்கும். நான் இன்றைக்கும் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்.

ஃபிரேமின் ஓரங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பாதி வெட்டுப்பட்ட டிஷ் ஆன்டெனா, மூலையில் எட்டிப் பார்க்கும் கொடிக்கயிறு, ஓரத்தில் நுழைந்த பிளெக்ஸ் போர்டு. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இவை எல்லாம் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஷட்டரை அழுத்துமுன் நாலு ஓரத்தையும் கடிகார முள் மாதிரி ஒருமுறை சுற்றி வரும் பழக்கம் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியை என்ன செய்வது?

ஸ்கைலைன் படங்களில் பெரும்பாலான குழப்பம் கிட்டத்தில் இருப்பவற்றால்தான் வருகிறது. தொட்டி, சோலார் ஹீட்டர், செல்போன் டவர், படிக்கட்டு அறையின் கூரை. இவை கோபுரத்தின் மேல் ஏறி நின்றால் மென்பொருளில் அழித்துவிடலாம் என்று இப்போது எளிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓரடி நகர்ந்தாலே போதும் என்கிற இடத்தில் ஏன் அழிக்க வேண்டும்?

இதைக் கணக்காகவே பார்க்கலாம். தொட்டி உங்களிடமிருந்து 10 மீட்டரிலும் கோபுரம் 300 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால் தொட்டி உங்கள் பார்வையில் ஏறத்தாழ 6 டிகிரி இடப்பக்கம் விலகும். கோபுரம் 0.2 டிகிரிதான் நகரும், அதாவது அசையவே இல்லை என்று சொல்லலாம். 6 டிகிரி எவ்வளவு? கையை நேராக நீட்டி நடு மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்தால் வருகிற அகலம் ஏறத்தாழ 5 டிகிரி. அதற்கும் கொஞ்சம் கூட. ஒரே எட்டில் ஒரு முழுத் தொட்டியைக் கோபுரத்தின் மேலிருந்து இறக்கிவிடலாம்.

பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் இதே கதைதான். கேமராவைக் கண்மட்டத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் கைப்பிடிச் சுவர் எழும்பி வந்து எதிர்வீட்டுக் குப்பைகளை மறைத்துவிடும். கையை உயர்த்தினால் முன்வீட்டுத் தொட்டி கீழே இறங்கிப் பின்னால் உள்ள ஓட்டுக்கூரைகள் தெரியும். உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று, கையைத் தூக்கி ஒன்று என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று படம் எடுத்துப் பழகுங்கள்.

ஆச்சி வீட்டு மாடியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுத் தொட்டியின் விளிம்பு தெற்குக் கோபுரத்தின் அடித்தளத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. மறைக்கவும் இல்லை, விலகவும் இல்லை. படத்தில் தொட்டி கோபுரத்தோடு ஒட்டிப் பிறந்தது மாதிரித் தெரிந்தது. இப்படி விளிம்போடு விளிம்பு தொடுவதுதான் மிகப் பெரிய தொந்தரவு. ஒன்று நன்றாக விலக வேண்டும், இல்லையென்றால் நன்றாக மறைக்க வேண்டும். நான் இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். தொட்டி வலப்பக்கம் ஒதுங்கியது. நடுவில் ஒரு சின்னச் சந்து திறந்து, அதில் ஒரு வேப்ப மரத்தின் தலை தெரிந்தது. அந்த மரம் வந்த பிறகுதான் படத்துக்கு ஆழம் வந்தது.

கிட்டத்தில் இருப்பவை எல்லாம் எதிரி இல்லை. காய்கிற வேட்டி, ஓட்டுக்கூரையின் சரிவு, புறாக்கூண்டு, துளசி மாடம், இவற்றில் ஒன்றை முன்னால் வைத்தால் பார்க்கிறவரும் அந்த மாடியில் நிற்கிற உணர்வு வரும். ஆனால் ஒன்று போதும். அதுவும் கோபுரத்தைச் சுட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். ஓட்டு வரிசையின் சரிவுக் கோடு படத்தின் கீழ் மூலையிலிருந்து கிளம்பி கோபுரத்தை நோக்கி ஓடினால் கண் தானாக அதன் பின்னால் போகும். கைப்பிடிச் சுவரை அப்படியே குறுக்கே ஒரு பட்டையாக விட்டால் கண் அங்கேயே முட்டி நிற்கும். சுவரைச் சாய்வாகக் காட்டுங்கள், அல்லது சுவரை ஒட்டி நின்று அதை முழுவதும் வெளியே விடுங்கள்.

தொடுவானமும் செங்குத்தும்

போனிலும் கேமராவிலும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் கிரிட் கோடுகளை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெடுங்கோட்டைக் கோபுரத்தின் நடு அச்சோடு ஒத்துப் பாருங்கள். மதுரையில் தூரத்துத் தொடுவானம் மரங்களாலும் மலைகளாலும் மேடுபள்ளமாக இருக்கும். அதை நம்பிக் கேமராவை நேராக்கினால் ஏமாந்துவிடுவோம். மலை இயல்பாகவே ஒருபக்கம் சரிந்திருக்கும். கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டு அதைச் செங்குத்தாக்குங்கள்.

கேமராவை மேலே அண்ணாத்தினால் கோபுரமும் கட்டடங்களும் உள்பக்கம் சாய்கிற மாதிரி வரும். கீழே குனிந்தால் வெளிப்பக்கம் விரியும். வைடு லென்ஸில் இது அதிகம் தெரியும். கேமராவை மட்டமாக வைத்தால் எல்லாம் நேராக நிற்கும், ஆனால் தொடுவானம் படத்தின் நட்டநடுவில் வந்து உட்காரும். அதற்குப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொண்டு, பிறகு கீழிருந்தோ மேலிருந்தோ வெட்டிக்கொள்ளுங்கள். சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்துவதைவிட அது சுலபம்.

வானம் எவ்வளவு வைப்பது என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு விதி சொல்வார்கள். நான் வானத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழை மேகம் திரண்டு நிற்கும் மாலையில் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு தாராளமாகக் கொடுக்கலாம். சித்திரை மாதத்து வெளிறிய வானத்துக்குக் கலசத்துக்கு மேலே ஒரு பட்டை போதும். ஆனால் அந்தப் பட்டை கட்டாயம் வேண்டும். கலசம் படத்தின் மேல்விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும். கோபுர உயரத்தில் கால் பங்காவது மேலே இடம் விடுங்கள்.

ஒற்றைக் கோபுரத்தை நடுவில் வைக்கலாமா? வைக்கலாம். கோபுரமே இருபுறமும் ஒத்த வடிவம். அதை நடுவில் வைத்து இருபுறமும் வீடுகளைச் சமமாக விட்டால் தேர் நிற்கிற மாதிரி ஒரு நிலைப்பு வரும். இரண்டு கோபுரங்கள் வரும்போது படத்தை நெடுக்காக மூன்றாகப் பிரித்து, கிட்டே இருப்பதை ஒரு ஓரப் பங்கிலும் தூரத்தில் இருப்பதை எதிர் ஓரப் பங்கிலும் வைத்துப் பாருங்கள். பெரியதும் சிறியதுமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

ஜூமும் பின்வாங்கலும்

பெரும்பாலான போன்களின் மெயின் கேமரா 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் தூரத்தை அதிகம் இழுத்துக் காட்டும்). 300 மீட்டரிலிருந்து அதில் எடுத்தால் தெற்குக் கோபுரம் பட உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். முதல் படங்கள் ஏமாற்றம் தருவது இதனால்தான். அதே இடத்திலிருந்து 3எக்ஸ் லென்ஸில், ஏறத்தாழ 75 மி.மீ., எடுத்தால் பாதி உயரம் நிறையும். கேமராவோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸில் 55 மி.மீ. முனை ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். 0.5எக்ஸ் வைடை மாடியில் நான் தொடுவதே இல்லை. வானம் மிக அழகாக இருக்கும் நாள் மட்டும் விதிவிலக்கு.

இங்கேயும் கால்தான் முக்கியம். மதுரைக்கு வடகிழக்கே படுத்த யானை மாதிரி யானைமலை கிடக்கிறது. கோயிலுக்குத் தென்மேற்கே உள்ள மாடியிலிருந்து பார்த்தால் அது கோபுரங்களுக்குப் பின்னால் வரும். கோபுரத்திலிருந்து 500 மீட்டரில் நின்றால் கோபுரம் பெரிது, மலை ஒரு மெல்லிய கீற்று. அதே கோட்டில் 1,500 மீட்டருக்குப் பின்வாங்குங்கள். கோபுரம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். மலை ஏற்கனவே பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அவ்வளவாகச் சுருங்காது. இப்போது 200 மி.மீ. லென்ஸால் இழுத்தால் கோபுரத்தின் தோளுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். வைடு லென்ஸால் இந்தப் படம் வராது. ஜூமை மட்டும் திருகி அதே இடத்தில் நின்றாலும் வராது.

காலைப் பனிமூட்டம் இந்த மாதிரிப் படத்துக்கு உதவும். முன்வீடுகள் அடர்ந்தும், கோபுரங்கள் சற்று வெளிறியும், மலை நீலச் சாம்பலாகவும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலை மலையின் பாறை மடிப்புகள்கூடத் தெரியும்.

வெளிச்சம்

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அதனால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்து ஏறத்தாழ 22 நிமிடத்தில் வானத்தின் நீலம் கறுக்கத் தொடங்கும். லண்டனில் இதற்கு அரை மணிக்கும் மேலாகும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து "நீல நேரம் ஒரு மணி" என்று நம்பி டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கோபுர விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் சரிசமமாக நிற்பது சில நிமிடங்கள்தான், பெரும்பாலும் சூரியன் மறைந்து 15 முதல் 20 நிமிடத்துக்குள். அதற்கு முன்பே ஃபிரேமை முடிவு செய்து ட்ரைபாடில் பூட்டி வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்களில் இடம் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது.

பகல் வெயிலில் வேறொன்று கவனிக்க வேண்டும். கோபுரத்தின் அழகு நிலை நிலையாக அடுக்கிய சுதைச் சிற்பங்களில் இருக்கிறது. நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெயிலில் அவை தட்டையாகிவிடும். பக்கவாட்டில் விழும் சாய்வெயிலில் ஒவ்வொரு சிற்பமும் தன் நிழலைப் பக்கத்தில் போட்டு எழுந்து நிற்கும். சூரியனுக்கு எதிராக நின்றால் கோபுரம் கறுத்த வடிவமாக வரும். அதுவும் நல்ல படம்தான், ஆனால் அப்போது கோபுரத்தின் வெளிக்கோடு எதிலும் ஒட்டாமல் தனியாக வானத்தில் இருக்க வேண்டும். கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் எது கோபுரம் எது தொட்டி என்று தெரியாது.

செட்டிங்கில் அதிகம் மூழ்க வேண்டாம். கேமராவில் எஃப்/8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ட்ரைபாட், 2 வினாடி டைமர். போனில் கோபுரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். விளக்கு எரியும் கோபுரம் சீக்கிரம் வெளுத்துவிடும், வெளுத்த சிற்பங்களை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. காற்று பலமாக இருந்தால் ட்ரைபாடின் நடுத்தண்டைத் தூக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் நேராக்குங்கள், பிறகு வெட்டுங்கள், நிறத்தைக் கடைசியில் தொடுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, எந்த இடத்தில் படம் இறுகுகிறது என்று பாருங்கள். புதியவர்களின் படங்களில் பெரும்பாலும் இடமும் வலமும் தேவைக்கு மேல் கிடக்கும். நெடுக்குவாட்டு வெட்டு ஒன்றும் செய்து பாருங்கள்; ஒற்றைக் கோபுரத்துக்கு அதுதான் பொருந்தும். படத்தைச் சிறிதாக்கி, தபால்தலை அளவில் ஒருமுறை பாருங்கள். அந்த அளவிலும் எது முக்கியம் என்று தெரிந்தால் ஃபிரேம் சரி.

எடுத்தவற்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் எந்த இடத்தில் நின்று எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

அதே மாடிக்கு மறுபடி

நான் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு மாடித் தரையில் சாக்பீஸால் மூன்று புள்ளி போட்டிருக்கிறேன், ட்ரைபாடின் மூன்று காலுக்கு. மழை அழித்துவிட்டால் பழைய படத்தை வைத்துத் தொட்டியும் வேப்ப மரமும் ஒத்து வரும்வரை நகர்ந்து மறுபடி போடுவேன். மாதம் ஒருமுறை அதே புள்ளியில் நிற்கிறேன்.

இடம் ஒன்றாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றாக இருப்பதில்லை. மதுரையில் சூரியன் மறையும் இடம் ஜூன் கடைசியில் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கேயும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கேயும் போகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் மேற்குக்கு வடக்கே மறைவதால், தெற்குக் கோபுரத்தின் தென்முகத்தில் கடைசி மாலை வெயில் விழுவதில்லை. ஆச்சி வீட்டு மாடியிலிருந்து அப்போது அந்த முகம் நிழலில் இருக்கும், மேற்குப் பக்கம் மட்டும் ஒரு பொன் விளிம்பு ஓடும். மார்கழி வரும்போது அதே முகத்தில் இடப்பக்கமிருந்து வெயில் சாய்ந்து விழுந்து, ஒன்பது நிலைகளும் ஒவ்வொன்றாகச் சிவக்கும். நீங்கள் ஆடியில் ஏறிப் பார்த்து "இந்த மாடி சரியில்லை" என்று விட்டுவிட்ட இடம் இருந்தால், மார்கழியில் மாலை ஐந்தரை மணிக்கு இன்னொருமுறை அங்கே போய் நின்று பாருங்கள்.